பஞ்சில் பிடித்த மூத்திரம் சொல்வதும் சொல்லாததும்

"பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூளை பாதித்திருக்கிறதா என்று மூத்திரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாமாமே சிஸ்டர்?" என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். புதிதாக வார்டுக்கு வரும் சிஆர்ஆர்ஐ (பயிற்சி டாக்டர்) பிள்ளைகள் கேட்கிறார்கள், வேறு மாவட்டத்தில் எஸ்என்சியு என்ற பச்சிளம் குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கும் தோழிகள் போனில் கேட்கிறார்கள், எங்கேயோ ஒரு செய்தியைப் படித்துவிட்டு வரும் அப்பாக்களும் கேட்கிறார்கள். நான் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில், பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் பிரிவில் மேல்படிப்பு படிக்கும் இரண்டு பிஜி டாக்டர்கள், வெவ்வேறு வருடங்களில், இதையே தீசிஸ் (ஆய்வேடு) தலைப்பாக எடுத்தார்கள். தீசிஸ் அவர்களுடையதுதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை ஒண்ணுக்குப் போகும்போது பக்கத்தில் இருப்பது நாங்கள். அதனால் சாம்பிள் பிடித்தது பெரும்பாலும் எங்கள் கைதான். அதில் தெரிந்துகொண்டதை, அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கும், குழந்தையைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே காத்திருக்கிற வீட்டாருக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூத்திரம் நிறையச் சொல்லும். குழந்தையின் உடம்புக்கு ஆக்சிஜன் எவ்வளவு மோசமாகக் குறைந்தது என்று சொல்லும். மூளையில் எந்த இடத்தில் என்ன ஆனது, நாளைக்கு இந்தக் குழந்தை நடக்குமா பேசுமா என்பதையெல்லாம் நாங்கள் செய்த பரிசோதனை சொல்லாது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமல் அந்த எண்ணைக் கையில் எடுத்தால் குழந்தைக்கும் குடும்பத்துக்கும் கெடுதல்தான் நடக்கும், நான் பார்த்திருக்கிறேன்.

பிரசவ நேரத்தில் கொடி சுற்றி, நஞ்சு முன்கூட்டியே பிரிந்து, அல்லது பிரசவம் ரொம்ப நேரம் இழுத்து குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தால் மூளை முதல் அடியை அப்போதே வாங்கிவிடுகிறது. அதன்பின் மூச்சு கொடுத்து, இதயத்துடிப்பு சரியானதும், சில மணி நேரம் மூளை ஓரளவு தேறியது போல இருக்கும். அப்புறம்தான் இரண்டாவது சரிவு வருகிறது, ஃபிட்ஸ் வருவதும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். நடுவில் கிடைக்கிற அந்த இடைவெளியைப் பிடிப்பதற்காகத்தான் முதல் 6 மணி நேரம் என்று எல்லாரும் ஓடுகிறோம். குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரிக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருக்கும் குளிர்விப்புச் சிகிச்சையையும் அந்த 6 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் எது பாதிக்கப்பட்ட குழந்தை, எது பிழைத்துக்கொண்ட குழந்தை என்று கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம். பிறந்ததும் அழுகை, நிறம், துடிப்பு பார்த்துப் போடும் அப்கார் மதிப்பெண், போடுபவரைப் பொறுத்து மாறும். மூளைப் பாதிப்பைத் தரம் பிரிக்கும் சார்நாட் நிலை பார்க்க அனுபவம் வேண்டும், அதுவும் மணிக்கு மணி மாறும். தொப்புள்கொடி ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மை) பார்க்க ஏபிஜி என்ற ரத்த வாயு மெஷின் வேண்டும், தாலுகா மருத்துவமனையில் அது எங்கே இருக்கிறது? எம்ஆர்ஐ தெளிவாகக் காட்டும், ஆனால் நாலைந்து நாள் கழித்து எடுத்தால்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் ஊசி குத்தாமல், வலிக்காமல் கிடைக்கிற மூத்திரத்தின் மேல் இத்தனை பேருக்கு ஆசை.

எங்கள் முதல் தீசிஸ் மூத்திரத்தில் யூரிக் அமிலத்துக்கும், தசையிலிருந்து வரும் கழிவான கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். செல்லுக்கு எரிபொருளாக இருக்கிற ஏடிபி, ஆக்சிஜன் இல்லாதபோது மறுபடி உருவாகாமல் படிப்படியாக உடைந்துகொண்டே போய் ஹைப்போசாந்தின் என்ற இடத்தில் வந்து சேர்கிறது. மறுபடி ஆக்சிஜன் கிடைத்ததும் சாந்தின் ஆக்சிடேஸ் என்ற என்சைம் அதை யூரிக் அமிலமாக மாற்றி மூத்திரத்தில் தள்ளுகிறது. இதற்குத் தனியாக எந்தக் கிட்டும் வாங்க வேண்டாம், மாவட்ட மருத்துவமனை லேபில் இருக்கிற சாதாரண ஆட்டோ அனலைசரே போதும். அந்த எளிமைக்காகவே இந்தியாவில் பல மருத்துவக் கல்லூரிகளில் இதை ஆய்வுக்கு எடுத்தார்கள். பெரும்பாலானவற்றில் மூச்சுத்திணறிய குழந்தைகளின் விகிதம் நன்றாக இருக்கும் குழந்தைகளைவிட அதிகமாகவும், எச்ஐஇ, அதாவது ஆக்சிஜன் குறைந்து வரும் மூளைப் பாதிப்பின் நிலை ஏற ஏற விகிதமும் ஏறுவதாகவும்தான் வந்தது. எங்களுக்கும் மொத்தத்தில் அப்படித்தான் வந்தது.

இரண்டாவது தீசிஸ், ஆக்சிஜன் குறையும்போது செல்களில் சேரும் லாக்டேட்டுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். இதற்கு அடிப்படை 1999-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த தைவான் ஆய்வு. மூச்சுத்திணறலோடு பிறந்த 40 குழந்தைகளையும் நன்றாக இருந்த 58 குழந்தைகளையும் எடுத்து, முதல் 6 மணி நேரத்துக்குள் பிடித்த மூத்திரத்தை என்எம்ஆர் என்ற காந்தப்புலக் கருவி முறையில் பரிசோதித்தார்கள். நன்றாக இருந்த குழந்தைகளின் சராசரி விகிதம் 0.09. மூச்சுத்திணறல் இருந்தும் எச்ஐஇ வராத குழந்தைகளுக்கு 0.19. பின்னால் எச்ஐஇ வந்த குழந்தைகளுக்கு 16.75. 0.64-ஐ எல்லையாக வைத்தால் எச்ஐஇ வரப்போகிற குழந்தைகளில் 94 சதவீதம் பேரைப் பிடித்தது, வராத ஒரு குழந்தையையும் தவறாகச் சேர்க்கவில்லை. படித்தபோது எங்கள் பிஜி டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். இவ்வளவு நல்ல முடிவு வந்து இத்தனை வருடம் ஆகியும் இது ஏன் எல்லா வார்டுக்கும் வரவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கான பதிலில் பெரும்பகுதி குழந்தையின் இடுப்புத் துணிக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம், அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சிக்கல், மூத்திரமே வராது. ஆக்சிஜன் குறையும்போது உடம்பு ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிட்டுச் சிறுநீரகத்துக்குப் போவதைக் குறைத்துவிடுகிறது. நல்ல குழந்தைகளே முதல் மூத்திரம் போக 24 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். மோசமாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு, அதாவது இந்தப் பரிசோதனை யாருக்கு ரொம்பத் தேவையோ அவர்களுக்கே, முதல் 6 மணி நேரத்தில் ஒரு சொட்டும் வராமல் இருப்பது சகஜம். வெளியே இருந்து 108 ஆம்புலன்ஸில் வரும் குழந்தைகளுக்கோ இதைவிட மோசம், முதல் மூத்திரத்தை வழியிலேயே சுற்றியிருந்த டவலில் போய்விட்டிருப்பார்கள். அந்த டவலைப் பிழிந்து எடுக்கவும் முடியாது, எத்தனை மணிக்குப் போனது என்று சொல்லவும் ஆளில்லை. ஒரு முறை நடுராத்திரி வந்த குழந்தையோடு கூட வந்த பாட்டியிடம் கேட்டேன். "வண்டியில ஏறுனதும் பிள்ள மோண்டுச்சு தாயி, சூடா எம் மடியெல்லாம் நனைஞ்சுச்சு, அதுல இருந்துதான் எனக்கு உசுரே வந்துச்சு" என்றார். வண்டி எப்போது கிளம்பியது என்பது 108 தாளில் எழுதியிருந்தது, பாட்டி சொன்னதையும் அதையும் சேர்த்து முதல் மூத்திரத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டோம். அதற்கப்புறம் கூட வருகிறவர்களிடம் இதைக் கட்டாயம் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. டாக்டரிடம் சொல்லத் தெரியாத பாட்டிகள்கூட, பிள்ளை எப்போது மோண்டது, எத்தனை முறை அழுதது, எந்தக் கை அசைந்தது என்பதையெல்லாம் அப்படியே ஒப்பிப்பார்கள். கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இன்னொரு விஷயம் பலர் யோசிப்பதில்லை. பிறந்த பத்தாவது நிமிடத்தில் வார்மரில் (சூடு தரும் மேடையில்) கிடக்கும்போதே குழந்தை பீய்ச்சியடித்துவிட்டால் அது தாயின் வயிற்றுக்குள் இருக்கும்போதே மூத்திரப்பையில் சேர்ந்தது. ஆபத்து பிரசவத்தின் கடைசிக் கட்டத்தில் வந்திருந்தால் அந்த மூத்திரத்தில் அதன் தடம் முழுசாக இருக்காது. அதனால் முதல் மூத்திரம், இரண்டாவது மூத்திரம் என்று தனித்தனியாகப் பிடித்து, பிறந்த நேரம், பஞ்சு வைத்த நேரம், ஈரமாக இருந்ததைப் பார்த்த நேரம் மூன்றையும் எழுத வேண்டும். 'காலை சாம்பிள்' என்று மட்டும் குப்பியில் ஒட்டும் லேபிலில் எழுதியிருந்தால் அந்தச் சாம்பிளுக்கு மதிப்பில்லை.

பிடிக்கும் முறைக்கு வருகிறேன். கடையில் கிடைக்கும் ஜெல் டயப்பர் போட்டால் மூத்திரம் போச்சு, ஜெல் உறிஞ்சியதைத் திரும்ப எடுக்க முடியாது. நாங்கள் செய்தது, ஸ்டெரைல் பஞ்சு உருண்டைகளைப் பிறப்புறுப்பை ஒட்டி வைத்து, அதன் கீழே சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து, மேலே லேசாகத் துணி சுற்றுவது. பஞ்சு நனைந்ததும் கையுறை மாற்றி, ஐந்து மி.லி. சிரிஞ்சின் பிஸ்டனை உருவிவிட்டு உள்ளே பஞ்சைத் திணித்து, பிஸ்டனை அழுத்தினால் மூத்திரம் குப்பியில் இறங்கும். பஞ்சில் காட்டுப்பீ (குழந்தையின் முதல் கருமலம்) பட்டிருந்தால் அந்தப் பஞ்சு வேண்டாம், ஓரத்தில் சுத்தமாகத் தெரிகிற பகுதியைக் கிள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் வேண்டாம். பெண் குழந்தைகளுக்கு ரொம்பப் பின்னால் தள்ளி வைத்தால் மலம் கலந்துவிடும், ரொம்ப முன்னால் வைத்தால் எல்லாம் முதுகுப் பக்கம் ஓடிவிடும். சில நாளில் அந்த அளவு கைக்கு வந்துவிடும். ஆண் குழந்தைகளுக்கு ஒட்டும் பை வசதி, ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்தப் பசை தோலையே உரித்துக்கொண்டு வரும், அவர்களுக்கு நான் அதைத் தொடுவதே இல்லை.

சாம்பிளுக்காக மட்டும் கத்தீட்டர் போடக் கூடாது. மூத்திர அளவு பார்ப்பதற்காக டாக்டர் ஏற்கெனவே போடச் சொல்லியிருந்தால் அதிலிருந்து எடுக்கலாம், சரி. ஆனால் ஒரு ஆய்வுக்காகக் குழந்தைக்குக் கிருமித்தொற்று வரும் வழியைத் திறந்துவிடுவது நியாயமில்லை. அதேபோல அடிவயிற்றை அமுக்குவது, குழந்தையைத் தூக்கிப் பிடித்து முதுகைத் தேய்த்து மூத்திரம் போகவைப்பது இதெல்லாம் நன்றாக இருக்கும் குழந்தைக்குச் செய்யும் வித்தைகள். எச்ஐஇ குழந்தையைத் தொடுவதையே குறைக்க வேண்டும், தொட்டால் ஃபிட்ஸ் வரலாம், பிபி இறங்கலாம். இரண்டாவது தீசிஸின்போது சாம்பிள் வரவில்லையே என்று அவசரப்பட்ட ஒரு சிஆர்ஆர்ஐ பையனிடம், "தம்பி, பஞ்சை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம், அதற்குமேல் வேண்டாம்" என்று சொல்ல வேண்டி வந்தது. புரிந்துகொண்டான்.

வார்மரின் சூட்டில் பஞ்சு காய்ந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போனால் மீதியுள்ளது கெட்டியாகிவிடும். கிரியேட்டினினோடு சேர்த்து விகிதமாகப் பார்ப்பதன் நன்மையே இதுதான், இரண்டும் ஒரே அளவில் கெட்டியாகும் என்பதால் விகிதம் பெரிதாக மாறாது. தனி அளவாகப் பார்க்கும் குறியீடுகளுக்கு, அதாவது பாதிப்பைக் காட்டும் பொருள்களுக்கு, அந்தப் பாதுகாப்பு கிடையாது. எதுவாக இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை பஞ்சைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

அப்புறம் ஐஸ். எல்லாச் சாம்பிளையும் ஐஸில் போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நாங்கள் எல்லாருமே நினைத்திருந்தோம். எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன்தான் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார், அடியில் மங்கலான இளஞ்சிவப்புப் பொடி படிந்திருந்தது. பிறந்த குழந்தையின் துணியில் சில நேரம் செங்கல் பொடி மாதிரி கறை படியும், ரத்தமோ என்று அம்மாக்கள் பதறிப்போய் ஓடிவருவார்கள், அதுவும் இதுவும் ஒன்றுதான், யூரிக் அமில உப்பு. குளிர்ந்தால் அது படிகமாகிக் கீழே இறங்கிவிடும், மேலே இருப்பதை மட்டும் மெஷின் உறிஞ்சினால் விகிதம் பொய்யாகக் குறைந்து வரும். யூரிக் அமிலம் பார்க்கப் போகும் மூத்திரத்தை ஃப்ரிட்ஜில் வைக்காமல் உடனே லேபுக்கு அனுப்ப வேண்டும், வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் லேபைக் கேட்டுக் காரம் சேர்க்க வேண்டும். லாக்டேட்டுக்கோ நேர் எதிர், கிருமி கலந்திருந்தால் அறைச் சூட்டில் அளவு மாறிவிடும், உடனே குளிரவைக்க வேண்டும். புரதக் குறியீடுகள் என்றால் மெஷினில் வேகமாகச் சுழற்றி, தெளிந்ததை ஆழ்குளிரில் உறையவைக்க வேண்டும், பஞ்சில் அந்தப் புரதம் ஒட்டிக்கொண்டு குறைகிறதா என்பதையும் லேப் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரே குழந்தையின் ஒரே மூத்திரத்துக்கே இப்படி மூன்று விதம் இருக்கிறது. எனவே எந்தக் குறியீடு பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாமல் சாம்பிள் பிடிக்க ஒத்துக்கொள்ளாதீர்கள், "எது பார்க்கப் போறீங்க டாக்டர், எப்படி வைக்கணும்?" என்று கேட்டு, எழுதி வாங்கி, பஞ்சு இருக்கும் அலமாரிக் கதவில் ஒட்டிவிடுங்கள். லேபிலில் 'பேபி ஆஃப்' போட்டு அம்மா பெயர் மட்டும் எழுதுவதும் ஆபத்து, எங்கள் வார்டில் ஒரே நேரத்தில் ஒரே பெயரில் மூன்று அம்மாக்கள் இருந்ததுண்டு. ஐபி நம்பர் கட்டாயம், இரட்டைக் குழந்தை என்றால் முதல் குழந்தையா இரண்டாவதா என்பதும் கட்டாயம்.

சரி, சாம்பிள் ஒழுங்காகப் போய் எண் வந்துவிட்டது. அந்த எண்ணை எப்படிப் பார்ப்பது?

யூரிக் அமிலமோ லாக்டேட்டோ மூளையில் மட்டும் உருவாவதில்லை. தசை, ஈரல், குடல், இதயம் என்று ஆக்சிஜன் குறைந்த எல்லா இடத்திலிருந்தும் வருகிறது. ஈபி மீட்டரைப் பார்த்து வீட்டில் மின்சாரம் எவ்வளவு ஓடியது என்று சொல்லலாம், எந்த அறையில் ஓடியது என்று சொல்ல முடியாது, அந்த மாதிரிதான். செப்சிஸ் (ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று), இதயக் கோளாறு, பிறவியிலேயே வரும் வளர்சிதை மாற்ற நோய்கள் இவையும் லாக்டேட்டை ஏற்றும். குறைமாதக் குழந்தைகளுக்கு யூரிக் அமில விகிதம் இயல்பாகவே அதிகம், நிறைமாதக் குழந்தைக்கு வைத்த எல்லையை அவர்களுக்குப் போட்டால் எல்லாக் குழந்தையும் மூச்சுத்திணறியதாகத்தான் தெரியும். கீழே போட்டு வகுக்கும் கிரியேட்டினினுக்கும் ஒரு சங்கடம் உண்டு, பிறந்த முதல் ஓரிரு நாள் குழந்தையின் ரத்தத்தில் இருப்பதில் பெரும்பகுதி அம்மாவினுடையது, சிறுநீரகமும் அடிபட்டிருந்தால் அது வெளியேறும் வேகமும் மாறும். இன்னொன்று, எல்லை எண்ணைப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுக்கக் கூடாது. ஒரு ஆய்வில் மில்லிகிராம் கணக்கு, இன்னொன்றில் மில்லிமோல் கணக்கு. யூரிக் அமில விகிதத்தில் இந்தக் கணக்கு மாறினாலே விடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மாறிப்போகும். தைவானின் 0.64 அவர்களுடைய முறைக்கு, அவர்களுடைய குழந்தைகளுக்கு வந்த எண். நம் லேபுக்கு நம் ஊர் நல்ல குழந்தைகளின் மூத்திரத்தை முதலில் பார்த்து நம் எல்லையைக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல குழந்தைகளின் சாம்பிள் பிடிப்பதில் யாருக்கும் ஆர்வம் வருவதில்லை, ஆனால் பாதி வேலை அதில்தான் இருக்கிறது.

மூளையிலிருந்தே வரும் புரதங்களைப் பார்த்தால் இந்தச் சிக்கல் தீராதா என்று கேட்கலாம். அந்த முயற்சியும் நடக்கிறது. எஸ்100பி என்ற புரதத்தை 1965-லேயே மாட்டு மூளையிலிருந்து பிரித்தார்கள், மூளையில் நரம்புகளைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் நிறைய இருக்கிறது, சின்னப் புரதம் என்பதால் சிறுநீரகத்தைத் தாண்டி மூத்திரத்தில் வந்துவிடும். இத்தாலியில் கட்சோலோ குழுவினர் மூச்சுத்திணறிய குழந்தைகளின் முதல் மூத்திரத்தில் இதைப் பார்த்து 2000-களின் தொடக்கத்திலிருந்தே எழுதிவருகிறார்கள், ஆக்டிவின் ஏ என்ற இன்னொரு புரதத்தையும் அங்கே மூத்திரத்தில் பார்த்திருக்கிறார்கள். நம்பிக்கை தரும் வேலை. ஆனால் எஸ்100பி கொழுப்புச் செல்லிலும் இருக்கிறது. பரிசோதனைக்கு எலிசா என்ற தனி லேப் கிட் வேண்டும், நேரம் வேண்டும், ராத்திரி பிறந்த குழந்தைக்கு விடிந்துதான் முடிவு தெரியும் என்றால் அந்த 6 மணி நேரம் போய்விட்டிருக்கும். படுக்கைப் பக்கத்திலேயே கால் மணி நேரத்தில் முடிவு காட்டும் பட்டை மாதிரி ஒன்று வந்தால் நம் ஊருக்கு அது பெரிய வரம், அதற்காக உழைப்பவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன்.

எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு குழந்தைகள். ஒரு ஆண் குழந்தை, உள்ளேயே மலம் போய், பிறந்ததும் அழாமல், விகிதம் மிக அதிகமாக வந்தது. ஆனால் அதே மாலையே கண்ணைத் திறந்து பார்த்தான், கை கால் நன்றாக மடக்கினான், ஃபிட்ஸ் எதுவும் இல்லை, நாலாம் நாள் பாலாடையில் கொடுத்த பாலை விழுங்கினான். ஒரு வயதுப் பரிசோதனைக்கு அவன் அம்மா தூக்கிக்கொண்டு வந்தபோது என் ஐடி கார்டு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இன்னொன்று பெண் குழந்தை, பிறந்ததும் கத்தி அழுதாள், ஒப்பீட்டுக்காக எடுத்த சாம்பிளில் விகிதம் சரியாக இருந்தது, அம்மா பக்கத்தில் பாலும் குடித்தாள். இரண்டாம் நாள் வலது கை மட்டும் சீராகத் துடிக்க ஆரம்பித்தது, நான் கையைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன், என் பிடிக்குள்ளேயும் துடிப்பு நிற்கவில்லை. எம்ஆர்ஐயில் பக்கவாதம், மூளை ரத்தக்குழாய் ஒன்று அடைத்திருந்தது. உடம்பு முழுக்க ஆக்சிஜன் குறையாத பாதிப்பு அது, அந்த விகிதத்தில் தெரியவே தெரியாது. சர்க்கரை ரொம்பக் குறைந்தும், மஞ்சள் காமாலை ரொம்ப ஏறியும் மூளை பாதிக்கலாம், அவற்றையும் இந்த விகிதத்தில் தேடக் கூடாது. நடுக்கமா ஃபிட்ஸா என்று சந்தேகம் வந்தால் அந்த அங்கத்தைப் பிடித்துப் பாருங்கள், நடுக்கம் பிடித்ததும் நின்றுவிடும், ஃபிட்ஸ் நிற்காது. இது எந்த லேபும் இல்லாத இடத்திலும் செய்யக்கூடியது.

இதெல்லாம் இருந்தும் இந்த ஆராய்ச்சி நம் ஊருக்கு ரொம்பத் தேவை என்று நான் நினைப்பதற்குக் காரணம் ஹீலிக்ஸ் ஆய்வு. குளிர்விப்புச் சிகிச்சை பணக்கார நாடுகளில் குழந்தைகளைக் காப்பாற்றியது நிரூபணமான விஷயம். அதை நம்பி நம் ஊரிலும் பல இடங்களில் ஆரம்பித்தோம், மின்சாரச் செலவில்லாமல் குளிர்விக்கும் தொட்டிகூட வேலூர் சிஎம்சி டாக்டர்களோடு சேர்ந்து உருவாக்கியதுதான். அப்புறம் சுதின் தையில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசத்து மருத்துவமனைகளில், சென்னை மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி உட்பட, 408 குழந்தைகளை வைத்து நடந்த ஹீலிக்ஸ் ஆய்வின் முடிவு 2021-ல் லான்செட் குளோபல் ஹெல்த்தில் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் இறந்தார்கள், குளிர்விக்காமல் பார்த்துக்கொண்டவர்களில் 31 சதவீதம். அதைப் படித்த வாரம் எங்கள் வார்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. நம் குழந்தைகளில் பலருக்குப் பாதிப்பு பிரசவத்தின் கடைசி நிமிடங்களில் வராமல், முன்கூட்டியே மெல்ல மெல்ல வந்திருக்கலாம், அப்படியானால் பிறந்தபின் 6 மணி நேரம் என்ற கணக்கே அவர்களுக்குப் பொருந்தாது என்று டாக்டர்கள் பேசிக்கொள்கிறார்கள். எந்தக் குழந்தைக்கு அடி எப்போது விழுந்தது, யாருக்கு எந்தச் சிகிச்சை பலன் தரும் என்று பிரித்துக் காட்டுகிற ஒரு குறியீடு, ரத்தமோ மூத்திரமோ எதிலாவது, கிடைத்தால் அதன் அருமை நம் ஊருக்குத்தான் அதிகம்.

கடைசியாக வீட்டாரிடம் பேசுவது பற்றி. ஒரு குழந்தையின் அப்பாவிடம் யாரோ ஒருவர் வராந்தாவில் நின்றபடியே "ரேஷியோ ஹைஆ இருக்கு, மூளை பாதிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று ராத்திரியே அந்தக் குடும்பம் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று வந்து நின்றது, ஆபரேஷன் ஆன அம்மாவுக்கு விஷயமே தெரியாது. பெரிய டாக்டர் வந்து அவரை உட்காரவைத்து, "இது உடம்புக்கு மூச்சு குறைந்ததைக் காட்டும் பரிசோதனை. மூளையைப் பற்றித் தெரிந்துகொள்ள அடுத்த மூன்று நாள் குழந்தை எப்படி இருக்கிறது என்று பார்க்கணும், அப்புறம் ஸ்கேன் எடுக்கணும், வீட்டுக்குப் போனபிறகும் வரணும்" என்று பொறுமையாகச் சொன்னபின்தான் அடங்கினார்கள். ஆய்வு முடியும்வரை அந்த எண்ணைக் கேஸ் ஷீட்டிலேயே எழுத வேண்டாம் என்று அதற்குப் பின் எங்கள் யூனிட்டில் முடிவெடுத்தோம், ரொம்ப நல்ல முடிவு. சம்மதக் கையெழுத்து வாங்கும்போதும் ஊசி கிடையாது, பஞ்சுதான், முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறாது என்பதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அப்பா கையெழுத்துப் போட்டிருந்தாலும் மறுநாள் போஸ்ட் நேட்டல் வார்டுக்குப் போய் அம்மாவிடமும் சொல்ல வேண்டும்.

குழந்தையின் வீட்டார் இதைப் படித்தால், மூத்திரப் பரிசோதனை முடிவைத் துரத்த வேண்டாம். டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: எச்ஐஇ எந்த நிலை, ஃபிட்ஸ் வந்ததா, மருந்தில் நின்றதா, எத்தனையாவது நாள் உறிஞ்சிக் குடித்தது, எம்ஆர்ஐ எடுப்பீர்களா. ஒரு வாரத்துக்குள் தானாக உறிஞ்சிக் குடிக்கத் தொடங்கிய, பரிசோதனையில் நரம்புகள் நன்றாக இருக்கிற குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் மாவட்ட மருத்துவமனையில் குழந்தை வளர்ச்சியைப் பார்க்கும் டிஇஐசி மையத்துக்குக் கூப்பிட்ட தேதியில் கட்டாயம் போங்கள், காது கேட்கும் பரிசோதனையை விடாதீர்கள். தலைச் சுற்றளவை ஒவ்வொரு முறையும் டேப்பில் அளந்து கார்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் தலை நிற்கவில்லை, கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி எப்போதும் மூடியே இருக்கிறது, ஒரு கையை மட்டும்தான் நீட்டுகிறது என்றால் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டாம், மறுநாளே தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். பிசியோதெரபி சீக்கிரம் ஆரம்பித்த குழந்தைக்கும் ஒரு வயசுக்கு மேல் ஆரம்பித்த குழந்தைக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், வருகிற குழந்தைகளிடம் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.